மேஸ்திரியோடு ஒரு பேராலயத்தைத் தேடி

“சென்ட்ரிங்குக்கு முட்டு எங்கேர்ந்து சார் குடுத்திருப்பாங்க?”

மேஸ்திரி கேட்டது என் வீட்டு சன்ஷேடைப் பற்றி இல்லை. மாங்காட்டில் காமாட்சி அம்மன் கோவிலிலிருந்து நான்கு தெரு தள்ளி என் வீடு. சன்ஷேடுக் கம்பி துருவேறி, காங்கிரீட் ஊறின பிஸ்கட் மாதிரி உதிர ஆரம்பித்திருந்தது. ஒட்டுப் போட வந்தவர் தண்ணீர் குடிக்கக் கூடத்துக்குள் வந்தார். மேசையில் ஒரு புத்தகம் விரித்தபடி கிடந்தது. முழுப் பக்கத்துக்கு இத்தாலியின் ஃபிளாரன்ஸ் பேராலயம்: சிவந்த ஓடு வேய்ந்த பெரிய குவிமாடம், எட்டு வெள்ளை விலா எலும்புகள், உச்சியில் ஒரு கல் விளக்குக்கூண்டு. சொம்பைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்த ஊர், யார் கட்டினது, எந்தச் சாமி, எதுவும் கேட்கவில்லை. முட்டு எங்கே என்றுதான் கேட்டார்.

அறுநூறு வருடங்களுக்கு முன்னால் ஃபிளாரன்ஸ்காரர்களைத் தூங்கவிடாமல் அடித்ததும் இதே கேள்விதான்.

1296-ல் அர்னோல்ஃபோ தி காம்பியோ என்ற சிற்பி திட்டம் போட்டு அடிக்கல் நட்ட கோவில் அது. பக்கத்து ஊர்களான பீசாவும் சியேனாவும் பெரிய கோவில்கள் வைத்திருந்தன. அவற்றை மிஞ்ச வேண்டும் என்ற ஊர்ப் பெருமை. நூறு வருடத்துக்கு மேல் சுவர் எழும்பியது, நடுவில் எட்டு மூலை வாய் மட்டும் ஆகாயத்தைப் பார்த்தபடி கிடந்தது. குறுக்களவு ஏறத்தாழ 140 அடி. நம் புறநகர்க் கணக்கில் சொன்னால், கிட்டத்தட்ட ஏழு கிரவுண்டு மனையை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் மூட வேண்டும். அதுவும் தரையிலிருந்து 170 அடி உயரத்தில். அத்தனை உயரத்துக்கு மரச்சட்டம் எழுப்பி, அதன்மேல் கட்டி, காய்ந்த பிறகு பிரிப்பதென்றால் அந்த அளவுக்கு மரம் கிடைக்காது. கிடைத்தாலும் மரம் தன் பாரத்திலேயே வளையும். 1418-ல் போட்டி அறிவித்தார்கள். கடைசியில் வேலை போய்ச் சேர்ந்தது ஃபிலிப்போ புருனெலெஸ்கி என்பவரிடம். அவர் கொத்தனாரும் இல்லை, தச்சரும் இல்லை. பொற்கொல்லர்.

“பத்தரா?” மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. “பத்தர் வந்து கோபுரம் கட்டினாரா?”

கட்டினார், சென்ட்ரிங் இல்லாமல். 1420-ல் தொடங்கி 1436-ல் குவிமாடத்தை மூடினார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள். இடையில் ஆள் ஏறிப்போகும் படிக்கட்டு. நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட செங்கற்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பீப்பாய்க்குப் பட்டை அடிப்பதுபோலச் சுற்றிலும் கல்லாலும் மரத்தாலும் சங்கிலிகளைச் சுவருக்குள் புதைத்தார். மேலே போகப் போகச் சுவர் உட்பக்கம் சாயுமே, பூசின செங்கல் வழுக்கி விழாதா? அதற்கு ஒரு யுக்தி வைத்திருந்தார். படுக்கை வரிசையில் சில கற்களுக்கு ஒருமுறை ஒரு கல்லை நட்டுக்குத்தாக நிறுத்தி, அடுத்த வரிசையில் அந்தக் குத்துக்கல்லைக் கொஞ்சம் நகர்த்தி, மீன் முள் மாதிரி சுற்றிக்கொண்டே போனார். குத்துக்கல் இரண்டுக்கு நடுவில் மாட்டிய கல் நழுவாது. ஒரு சுற்று முடிந்துவிட்டால் அது தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும்.

மேஸ்திரி கையிலிருந்த கரண்டியால் காற்றில் இரண்டு வரிசை கட்டிப் பார்த்தார். “அப்போ ஒவ்வொரு வரியும் மேல் வரிக்கு சென்ட்ரிங்.”

நான் மூன்று புத்தகங்களில் படித்துப் புரிந்துகொண்டதை அவர் ஆறு சொற்களில் முடித்துவிட்டார். பாரம் தூக்க மாடு பூட்டிய யந்திரம் செய்ததையும் சொன்னேன்: மாட்டை அவிழ்த்துத் திருப்பிக் கட்டாமலே, பற்சக்கரத்தை மாற்றிப் பாரத்தை ஏற்றவும் இறக்கவும் முடியும். “எங்க ஊர்க் கிணத்துக் கவலையில மாடு பின்னாலயே நடக்கும் சார். சக்கரமெல்லாம் வேணாம்” என்றார். மறுமலர்ச்சிக் காலத்து மேதைமையை இவ்வளவு லேசாக யாரும் தள்ளிவைத்து நான் பார்த்ததில்லை.

அடுத்துத்தான் அந்தக் கேள்வி வந்தது. “நம்ம பக்கம் இது மாதிரி பழசு ஒண்ணு இருக்கா?”

இருந்தது. அதே காலத்தின் பின்பகுதியில், கடல் தாண்டி வந்தவர்கள் மயிலாப்பூர்க் கடற்கரையில், சாந்தோமில் எழுப்பிய கோவில். 1523-ல் தொடங்கியது. 1606-ல் பேராலயம் ஆனது.

“இருந்ததுன்னா?”

“1893-ல இடிச்சிட்டாங்க.”

சொம்பைக் கீழே வைத்தார். “நாளைக்கு சன்ஷேடு க்யூரிங் ஆகணும். எனக்கு வேலை இல்லை. போலாமா?”

இல்லாத கட்டடத்தைப் பார்க்க நாங்கள் கிளம்பியது இப்படித்தான். அவருடைய எக்ஸெல் வேண்டாம், என் ஸ்கூட்டரில் போகலாம் என்பதற்கு மட்டும் ஒரு வாக்குவாதம் நடந்தது.

மாங்காட்டிலிருந்து மவுலிவாக்கம் வழியாகப் போரூர். அங்கிருந்து மவுன்ட் பூந்தமல்லி சாலை. இந்தச் சாலையின் பெயரே ஒரு வரலாற்றுக் குறிப்பு. ஒரு முனை மலை, மறு முனை பூந்தமல்லி. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிரான்சிஸ் டே கோட்டை கட்ட இடம் கேட்டுப் பேசியது பூந்தமல்லியில் இருந்த அய்யப்ப நாயக்கரிடம். அவர் அண்ணன் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் இந்தப் பகுதியை ஆண்டவர். டே தேர்ந்தெடுத்தது அலை அடிக்கும் மணல் திட்டு, துறைமுகத்துக்கு ஆகாத இடம். பக்கத்துச் சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள், அதனால்தான் அந்த இடம் என்ற கிசுகிசு அன்றைக்கே கிளம்பி இன்றைக்கும் சென்னை வரலாற்றுப் புத்தகங்களில் உயிரோடு இருக்கிறது. கவனிக்க வேண்டியது இது: மதராசப்பட்டினம் பிறக்கும்போது சாந்தோம் ஏற்கெனவே நூறு வயதைத் தாண்டிய நகரம். இப்போது பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை மெட்ரோத் தடம் போட்டிருக்கிறார்கள். கச்சேரி சாலையில் ஒரு நிலையம். எங்கள் பக்கத்து ஆள் சாந்தோமுக்குப் போக அதைவிட நேரான வழி இருக்காது. அன்றைக்கு எங்களுக்கு அந்தத் தூண்களின் நிழல் மட்டும் கிடைத்தது.

ராமாபுரம், நந்தம்பாக்கம் தாண்டியதும் மலை தெரிந்துவிடும். மலை என்பது மரியாதைச் சொல், முந்நூறு அடிதான். ஆனாலும் சுற்றிலும் தட்டையான ஊரில் அது போதும். பரங்கிமலை. பரங்கி என்றால் போர்த்துக்கீசியன். அவர்கள் போய்விட்டார்கள், பரங்கிக்காய் சாம்பாரில் தங்கிவிட்டது. ஜன்னல், அலமாரி, சாவி, மேசை, பீப்பாய், ஏலம், வராந்தா, பாதிரி எல்லாம் அவர்கள் கப்பலில் வந்த சொற்கள்தாம். படியேறிக்கொண்டே இதைச் சொன்னபோது, “மேஸ்திரி?” என்று கேட்டார். அதுவும்தான். போர்த்துக்கீசிய மொழியில் மெஸ்த்ரே, ஆசான். இத்தாலியில் புருனெலெஸ்கியைக் கூப்பிட்ட மாயெஸ்த்ரோவும் இந்த மேஸ்திரியும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று படி கழித்து, “பத்தர்னு சொன்னீங்க” என்றார்.

இந்தப் படிகளைக் கட்டிக்கொடுத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் முதல் பாலம் கட்டியவரும் அவரே. மர்மலாங் பாலம் என்ற பெயர் மறைமலை அடிகள் பாலம் ஆனது பிற்பாடு. 1751-ல் இறந்து வேப்பேரியில் அடக்கமானார். அவருடைய இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்து, அவர் பிறந்த ஊரான பாரசீகத்து ஜூல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். பாலமும் படியும் கட்டிய ஆள் இதயத்தை மட்டும் பிரித்து வைத்திருக்கிறாரே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

மேலே மாதா கோவில் சிறியது, வெள்ளையானது. 1547-ல் இங்கே அடித்தளம் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றி வளைவாகச் செதுக்கிய எழுத்து பாரசீகத்தின் பழைய பஹ்லவி. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் கிறிஸ்தவர்கள் இருந்ததற்குக் கல்லில் நிற்கும் சாட்சி அது. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கும்போது அதில் ரத்தம் கசிந்ததாகவும், 1704 வரை அவ்வப்போது அப்படி நடந்ததாகவும் கோவில் மரபு. சிலுவை இப்போது பீடத்தில் பதிந்திருக்கிறது. மேஸ்திரி பாதணியைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை காமாட்சி முன்னால் போட்டுக்கொள்வது போலவே.

வெளியே வந்ததும் பக்தி போய்த் தொழில் வந்துவிட்டது. சுவரின் கனத்தை ஜன்னல் இடுக்கில் சாண் போட்டு அளந்தார். சிமென்ட் பூச்சு எங்கே தொடங்குகிறது, அடியில் எந்தப் பூச்சு என்று ஒரு வெடிப்பில் குனிந்து பார்த்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பற்றி அப்போதுதான் வாய் திறந்தார். கடற்சிப்பியைக் காளவாயில் நீற்றி, ஊறவைத்து, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசுவது. கடைசிக் கைக்கு மட்டும் முட்டை வெண்கரு கலந்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குவது. பளிங்கோ என்று வெள்ளைக்காரர்கள் ஏமாந்து தொட்டுப் பார்த்த ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ இதுதான். “எங்க தாத்தா அரைச்சிருக்காரு. நான் பார்த்திருக்கேன். செஞ்சதில்லை” என்றார். தாத்தாவின் பெயரையும் சொன்னார்.

மலையுச்சியிலிருந்து விமான ஓடுதளம் விரிந்து தெரியும். விமானம் ஒவ்வொன்றும் நம் தலைக்கு நேரே வருவதுபோல வந்து இறங்குகிறது. பக்கத்தில் வில்லியம் லாம்ப்டனின் மார்பளவுச் சிலை. 1802 ஏப்ரலில் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்க அவர் தொடங்கியது இந்த மலையடியில்தான். இங்கிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் அடிக்கோடு. அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

கிண்டி, சைதாப்பேட்டை வழியாக லஸ்ஸுக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. மாநகரத்தை ஒரு மெட்ரோ வேலை தோண்டிப் போட்டிருக்கும்போது இதற்கு மேல் விவரிக்க ஒன்றுமில்லை.

லஸ் கோவிலை மயிலாப்பூர்க்காரர்கள் நெடுநாள் காட்டுக் கோவில் என்றே அழைத்தார்கள். ஒரு காலத்தில் சுற்றிலும் காடு. லுஸ் என்றால் போர்த்துக்கீசிய மொழியில் ஒளி, பிரகாச மாதா. புயலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகளுக்குக் கரையில் ஓர் ஒளி வழிகாட்டியது, அந்த ஒளி மறைந்த இடத்தில் கட்டிய கோவில் இது என்பது கதை. 1516-ல் பிரான்சிஸ்கன் துறவி பெத்ரோ த அதோகியா கட்டினார் என்கிறது அங்குள்ள போர்த்துக்கீசியக் கல்வெட்டு. அந்த ஆண்டு அத்தனை முந்தியதாக இருக்க முடியாது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. போர்த்துக்கீசியர் மயிலாப்பூருக்கு வந்ததைப் பற்றிய தெளிவான பதிவே 1517-ல்தான் தொடங்குகிறது. மலாக்காவிலிருந்து திரும்பிய தியோகோ ஃபெர்னாந்தெஸ் என்பவரை, உடன் பயணித்த ஆர்மீனிய வணிகர் ஒருவர், திருத்தூதர் தோமையாரின் கல்லறையைக் காட்டுகிறேன் என்று அழைத்துவந்தார். கல்வெட்டு கொஞ்சம் முந்திக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். கோவில்கள் தங்கள் வயதைக் கூட்டிச் சொல்வது நமக்குப் புதிதா என்ன.

வயது எதுவானாலும், இடிபட்ட அந்தச் சாந்தோம் பேராலயத்தின் ஜாடையை இன்றைக்குப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். மறுமலர்ச்சிக் காலத்துக் கட்டடக்காரர்களின் ஆசை எளிது: பழைய ரோமாபுரியின் வளைவும் தூணும், அளவாக, கணக்காக, மனித உடலின் விகிதத்தோடு. போர்த்துக்கீசியர் அதை அப்படியே பின்பற்றவில்லை. தங்கள் பழைய கோத்திக் பழக்கத்தையும் விடாமல், கப்பல் கயிறும் சிப்பியும் செதுக்கும் மோகத்தையும் சேர்த்து ஒரு கதம்பமாகக் கொண்டுவந்தார்கள். இங்கே வந்ததும் நம் கொத்தனார் கையும் சுண்ணாம்பும் அதில் கலந்தன. லஸ் கோவிலுக்குள் நின்றால் அந்தக் கதம்பம் புரியும். கனத்த சுவர்கள். பீடத்துக்கு முன்னால் ஒரு வளைவு. அதற்கப்பால் பொன்னும் நீலமுமாகப் பீடம். எதுவும் நம்மை அண்ணாந்து பார்க்கச் சொல்லி மிரட்டவில்லை. நேராக முன்னால் பார்க்கச் சொல்கிறது.

மேஸ்திரி வெளிச்சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தார். “முட்டுச் சுவர் குடுத்திருக்கான். இல்லேன்னா வளைவு வெளிய தள்ளும்.” பிறகு, “இதுக்கு சென்ட்ரிங் போட்டுத்தான் கட்டியிருப்பான். சின்ன வளைவுதானே” என்றார். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.

பெரிய அளவில் அந்தக் கனவைக் கட்டியது கோவாவில். நான் பார்த்தது பத்து வருடத்துக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில். 1562-ல் தொடங்கி 1619-ல் கட்டடம் முடிந்த சே பேராலயம். புனித கத்தரீனுக்கு அர்ப்பணம், ஏனென்றால் 1510-ல் அல்புகெர்க் கோவாவைப் பிடித்தது அவள் திருநாளன்று. ஆசியாவின் மிகப் பெரிய தேவாலயங்களில் ஒன்று. முகப்பில் இரண்டு கோபுரங்கள் இருந்தன. 1776-ல் ஒன்று விழுந்தது, திருப்பிக் கட்டவில்லை. அந்த ஒற்றைக் கொம்பு முகப்புக்கு எதிரே மழையில் நின்றபோதுதான் கட்டடத்தின் கணக்கு எனக்குப் புரிந்தது. இல்லாத பாதியைக் கண் தானாகவே கட்டி நிரப்பிக்கொள்கிறது. விகிதம் சரியாக இருந்தால் அப்படித்தான்.

சாந்தோமிடம் கோவாவின் பணம் இல்லை. கோவா ஆளுநரின் கை இங்கே அவ்வளவாக நீளவில்லை. படையிலிருந்து விலகிய சிப்பாய்களும் தனி வணிகர்களும் இங்கே பெண் எடுத்துக் குடியேறிய ஊர் இது. இவர்கள் வருமுன் தோமையாரின் கல்லறை இருந்த நிலையை துவார்த்தே பர்போசா என்ற போர்த்துக்கீசியர் எழுதியிருக்கிறார்: இடிந்த கட்டடம், அதில் விளக்குக்கு எண்ணெய் வாங்கப் பிச்சை கேட்டபடி ஒரு முஸ்லிம் பக்கிரி. அதற்கும் முன்னால், 1290-களில், மார்க்கோ போலோ இங்கே கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வணங்குவதையும், யாத்திரிகர்கள் சிவந்த மண்ணை மருந்தாக எடுத்துப் போவதையும் குறித்திருக்கிறார். 1523-ல் கல்லறையைத் தோண்டி, எலும்புகளும் ஒரு ஈட்டி முனையும் மண் நிறைந்த ஒரு பானையும் கிடைத்ததாகப் பதிவு செய்தார்கள். இடிந்த கட்டடத்தைச் சீரமைத்துக் கோவில் எழும்பியது. 1545-ல் பிரான்சிஸ் சவேரியார் சில மாதங்கள் இங்கே தங்கி செபித்தார். 1606 ஜனவரியில் திருத்தந்தை ஐந்தாம் பவுல் சாந்தோமைத் தனி மறைமாவட்டம் ஆக்கினார்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் சாந்தோமுக்குள் நுழைய முடியாது. பழைய கபாலீசுவரர் கோவில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது, இப்போதிருப்பது பிறகு உள்ளே தள்ளிக் கட்டியது என்று மயிலாப்பூர் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறது. சாந்தோம் வளாகத்தில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளை வரலாற்றாசிரியர்கள் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். 1550-களின் கடைசியில் விஜயநகரத்து ராமராயர் சாந்தோம் மேல் படையெடுத்து வந்து பெருந்தொகை வசூலித்ததற்கு, கோவில்களை இடித்த புகாரும் ஒரு காரணம். இடித்தவர்களின் கோவிலையும் ஒருநாள் இடித்தார்கள் என்று கணக்கை நேர் செய்ய எனக்கு மனம் இல்லை. இரண்டும் நஷ்டம்.

பிறகு சாந்தோம் பட்ட அடிகள் வேகமாகச் சொல்லக்கூடியவை: 1662-ல் கோல்கொண்டா, 1672-ல் பிரெஞ்சுக்காரர், 1674-ல் டச்சுக்காரர் துணையோடு மறுபடி கோல்கொண்டா, 1749-ல் ஆங்கிலேயர். மதில்கள் போயின, கோவில் நின்றது. படையெடுப்புகளுக்குத் தப்பியதை இடித்தவர் அதன் சொந்த ஆயர்.

ஆயர் ஹென்ரிக்கே ஜோசே ரீட் த சில்வா கெட்டவர் இல்லை. அப்போது சென்னையில் இரண்டு ஆயர்கள். சாந்தோம் ஆயர் போர்த்துக்கல் மன்னரின் ஞானாதரவில் வந்தவர். மதராஸ் ஆயர் நேராக ரோமாபுரியின் ஆள். ஒரே ஊரில் ஒரே மதத்துக்கு இரண்டு நிர்வாகம்; 1952 வரை இது நீடித்தது. 1886-ல் வத்திக்கானும் போர்த்துக்கலும் எல்லை பிரித்து ஒப்பந்தம் போட்ட பிறகு, தன் பக்கத்துக்கு ஒரு கம்பீரமான பேராலயம் வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் அதில் வியப்பில்லை. ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் கேப்டன் ஜே. ஏ. பவர் வரைபடம் போட்டார். 1893-ல் பழையது போனது. 1896 ஏப்ரல் 1 அன்று புதியது அபிஷேகம் ஆனது. அந்தக் காலத்து இங்கிலாந்தின் மோகப்படி, கோத்திக் பாணியில்.

என்னை அரிப்பது இந்த இடம்தான். இத்தாலிய மறுமலர்ச்சிக்காரர்களுக்குக் கோத்திக் என்றாலே இளக்காரம். கூர்முனை வளைவும் ஊசிக்கோபுரமும் ரோமாபுரியைச் சூறையாடிய கோத்துகளின் காட்டுமிராண்டி வேலை என்று கலை வரலாறு எழுதிய வசாரி 1550-ல் எழுதினார். அந்த வசவுதான் பாணியின் பெயராகவே நிலைத்தது. ஐரோப்பாவில் கோத்திக்கைத் தள்ளிவிட்டு மறுமலர்ச்சி வந்தது. மயிலாப்பூரில் மறுமலர்ச்சிக் காலத்துக் கோவிலை இடித்துவிட்டுக் கோத்திக் வந்தது. நம் கரையில் அந்த வரலாறு தலைகீழாக ஓடியிருக்கிறது.

இதையெல்லாம் சாந்தோம் நெடுஞ்சாலையில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது கொஞ்சம் சூடாகவே சொன்னேன். மேஸ்திரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வெளேரென்று 155 அடி ஊசிக்கோபுரம். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், கோச்சுக்காதீங்க. இதுதான் சார் வேலை.”

உள்ளே போனதும் இன்னும் மோசம். கூர்முனை வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதைப் பார்த்து, ஒவ்வொன்றின் உச்சிக்கல்லும் ஒரே நூலில் இருக்கிறதா என்று ஒற்றைக்கண்ணை மூடிப் பார்த்தார். இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்க்காதது ஒன்றுதான் குறை. வண்ணக் கண்ணாடி ஜன்னலில் தோமையார் ஆண்டவரின் காயத்தில் விரல் வைக்கும் காட்சி. மதிய வெயில் அதன் வழியாக நுழைந்து தரையில் நீலமும் சிவப்பும் சிந்தியிருந்தது. “விரலை வெச்சுப் பார்த்தாத்தான் நம்புவேன்னாரு. கொத்தனாரா இருந்திருப்பாரு” என்றார் மேஸ்திரி. சிரிப்புக்காகச் சொன்னதில்லை. தோமையார் கட்டடக் கலைஞர்களின் பாதுகாவலர், ஓவியங்களில் கையில் மூலைமட்டத்தோடு நிற்பவர் என்று நான் சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டேன்.

கோவிலுக்கு இரண்டு கோபுரம் ஏன் என்பதற்குக் கல்லறைதான் காரணம். பெரியது மணிக்கோபுரம். நடுக்கூரைமேல் நிற்கும் சிறியது, நேர் கீழே கல்லறை இருக்கிறது என்பதன் அடையாளம். திருத்தூதர் ஒருவரின் கல்லறைமேல் எழுந்த கோவில்கள் என்று ரோமாபுரியின் புனித பேதுரு, ஸ்பெயினின் சந்தியாகோ, மூன்றாவதாக இது என்று சொல்வார்கள். எலும்புகள் மூன்றாம் நூற்றாண்டிலேயே எதெஸ்ஸாவுக்கும் அங்கிருந்து பின்னாளில் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் போய்விட்டன என்பது இன்னொரு மரபு. கீழே இறங்கினால் தாழ்ந்த கூரை, குளிர்ச்சி, முணுமுணுப்பாகச் செபம். 1523-ன் ஆட்கள் தோண்டிய இடம் இதுதான். மேலே இரண்டு கட்டடங்கள் மாறிவிட்டன. பள்ளம் மாறவில்லை.

பழைய பேராலயத்தின் மிச்சம் என்று நான் காட்ட முடிந்தது கொஞ்சம்தான். மயிலை மாதாவின் மரச்சிலை. சவேரியார் இதன் முன்னால்தான் செபித்தார் என்பது இங்குள்ள நம்பிக்கை. போர்த்துக்கீசிய எழுத்துகளோடு சில கல்லறைக் கற்கள். அருங்காட்சியகத்தில் சில துண்டுகள். மேஸ்திரி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார், ஆனால் அவர் தேடியது இது எதுவும் இல்லை என்று தெரிந்தது. வெளியே வந்து, கடல் பக்கச் சந்து ஒன்றில் டீ குடிக்கும்போது கேட்டார்.

“அவ்ளோ பெரிய கோவிலை இடிச்சாங்களே, ரப்பீஷ் எல்லாம் எங்க போட்டாங்க?”

எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை. படித்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டேன்.

“செங்கல்லை யாரும் தூர எறிய மாட்டாங்க சார். அதுவும் அந்தக் காலத்துல. புதுக் கோவில் அஸ்திவாரத்துல பாதி போயிருக்கும். மீதி இங்கதான்.” கையால் சந்தைக் காட்டினார். மீனவக் குடியிருப்பின் பக்கம் போகும் தெரு, புது அடுக்ககங்கள், இடையில் ஒன்றிரண்டு பழைய சுற்றுச்சுவர்கள். “நாங்க வீடு இடிச்சாலும் அப்படித்தான். இந்தத் தெருவுல இடிச்சது அடுத்த தெருவுல எழும்பும்.”

டீ கிளாஸை வைத்துவிட்டு நடந்தார். நானும் போனேன். ஒரு சுவரில் பூச்சு உப்புக்காற்றில் பெயர்ந்து, முழங்கால் உயரத்தில் செங்கல் வெளியே தெரிந்தது. மெலிந்த செங்கல், நம் சூளைக் கல்லில் பாதிக் கனம்தான் இருக்கும். நடுவில் வெள்ளைச் சுண்ணாம்பு. உட்கார்ந்து, கட்டை விரலால் இணைப்பைச் சுரண்டி, விரல் நுனியில் ஒட்டியதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். சிப்பித் துணுக்கு ஒன்று மின்னியது.

“கிளிஞ்சல்” என்றார். “எங்க தாத்தா காலத்து அரைப்பு இல்லை. அதுக்கும் முன்ன.”

“அந்தக் கோவிலோடதா?”

எழுந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். “பழசு சார். எந்தப் பழசுன்னு என்னைக் கேக்காதீங்க. கிளம்புங்க, சன்ஷேடுக்குச் சாயங்காலத் தண்ணி ஊத்தணும்.”